கிணத்துக்குள்ள ரெண்டு சம்மந்தி

உங்களுக்கும் தோள்பட்டைங்களா? எந்தப் பக்கம்? இடதுங்களா. எனக்கு வலது. அந்த ஃபேனுக்குக் கீழ உக்காராதீங்க, இன்னும் புடிச்சுக்கும். இப்படி வாங்க, என்ற பக்கத்துல உக்காருங்க. டாக்டரு உள்ள ஆளை வச்சுட்டிருக்காரு, நெம்ப நேரமாகும். கையைத் தூக்கச் சொல்வாரு, எறக்கச் சொல்வாரு, மறுபடி தூக்கச் சொல்வாரு. எல்லாம் முடிச்சுட்டு வயசாச்சுங்கன்னு சொல்வாரு. அதுக்கு எதுக்குங்க டாக்டரு? என்ற சம்சாரம் தெனமும் வீட்லயே சொல்றா.

ஆனா என்ற தோளு வயசுனால போனதில்லைங்க. மரியாதைனால போனது.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஒரு பேச்சு ஓடிட்டிருக்குது. கிரைண்டர்கார நல்லசிவத்துக்கு, அதாவது எனக்கு, பங்கர்ல இருந்து பந்தை வெளிய எடுக்கத் தெரியலையாம். உங்க காதுக்கு வந்திருக்குமே? வரலைங்களா? வரும். வரும்போது நம்பீறாதீங்க, அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கறேன்.

பங்கர்னா தெரியுமுங்களா? கோல்ஃப் மைதானத்துல அங்கங்க குழி வெட்டி மண்ணைக் கொட்டி வச்சிருப்பாங்க. பந்து போயி அதுல விழணும், விழுந்தவன் படாத பாடு படணும், அதுக்குன்னே வெட்டறது. புல்லை வளத்து, தண்ணி பாய்ச்சி, அழகா வச்சுட்டு, நடுவுல நமக்கு நாமளே குழி வெட்டிக்கறது. பெரிய மனுசங்க வெளையாட்டு, நாம என்னத்தைச் சொல்றது. மத்த எடத்துல இது தாம்பாளம் மாதிரி இருக்கும், நடந்து உள்ள போயி நடந்தே வெளிய வந்தரலாம். நான் ஆடினது ஆனைமலை அடிவாரத்துல ஒரு கிளப்பு. அங்க யாரோ ஒரு மெம்பரு ஸ்காட்லாந்து போயிட்டு வந்து, அங்க இருக்கற மாதிரியே வேணும்னு ஒண்ணு வெட்ட வச்சிருக்காரு. ஆளை மறைக்கற ஆழமுங்க. புல்லுக்கட்டியைச் செங்கல்லாட்டம் அடுக்கி, சுவரு செங்குத்தா நிக்குது. பின்னாடி ஒரு ஒடுக்கமான படி. எறங்கி நின்னா வானம் மட்டும்தான் தெரியும். அங்க இருக்கறவங்க அதுக்குக் கிணறுன்னே பேரு வச்சிருக்காங்க.

அந்தக் கிணத்துல என்ற பொண்ணு கல்யாணம் மூழ்கிப் போகப் பாத்துச்சுங்க. அந்தக் கதையை நீங்க என்ற வாயிலயே கேட்டுக்கறது நல்லது.

நான் வெட் கிரைண்டர் செய்யறவனுங்க. என்ற பொண்ணு பூரணி பொறந்த வருசம் ஆரம்பிச்ச கம்பெனி. கல்லைத் தொட்டாலே எந்த ஊருக் கல்லுன்னு சொல்லீருவேன். மாவை நாக்குல வச்சா எதுல அரைச்சதுன்னு சொல்லீருவேன். அதுதானுங்க எனக்கு வில்லங்கமாப் போச்சு. போன வருசம் பூரணிக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. நல்ல குடும்பம், நல்ல பையன். மாப்பிள்ளை வீடு பாக்கப் போனோம், தோசை போட்டாங்க. ஒரு வாய் வச்சேன், தெரிஞ்சு போச்சு. "இது மிக்ஸி மாவுங்களா?"ன்னு கேட்டேன். கேள்விதானுங்க கேட்டேன், குத்தமாச் சொல்லலை. கேட்டதோட நிக்காம, மிக்ஸில அரைச்சா உளுந்து எப்படிச் சூடாகிச் செத்துப் போகும்னு சித்த நேரம் வெளக்கிச் சொன்னேன். அறிவுள்ளவங்க கேட்டுக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு உள்ள போனவங்க, நாங்க கெளம்பற வரைக்கும் வெளிய வரலை. பேச்சு அதோட முடிஞ்சுது.

பூரணி அப்ப வருத்தப்பட்ட மாதிரியே தெரியலைங்க. அப்பனைப் பாத்துச் சிரிச்சா. ஏன்னு அப்புறமாத்தான் வெளங்குச்சு. பெங்களூர்ல கூட வேலை செய்யற பையன், பிரணவ்னு பேரு, அவனைப் புடிச்சுப் போயிருக்குது. நம்ம ஆளுங்கதான், பொள்ளாச்சி. அவங்கப்பா அர்த்தநாரி தேங்காநார் மில்லு வச்சிருக்காரு. சொல்லக் குறையொண்ணுமில்லை. பூரணி என்ற எதுக்க உக்காந்து நேராப் பாத்துச் சொன்னா. "அப்பா, இது உங்க மாவுப் பேச்சுல கெட்டுப் போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்." சத்தமாச் சொல்லலைங்க. சத்தமாச் சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்.

என்ற சம்சாரம் ஈஸ்வரி அதுக்கு மேல. கார்ல ஏறும்போதே உத்தரவு போட்டுட்டா. போற எடத்துல வாயைத் தொறக்கக் கூடாது. எதுக்கும் மறுப்புச் சொல்லக் கூடாது. எதுலயும் அவரை ஜெயிக்கக் கூடாது. இன்னொண்ணும் சொன்னா. "அவரை அண்ணான்னு கூப்பிட்டுறாதீங்க. அண்ணன் தம்பி மக்களுக்கு எப்படிக் கல்யாணம் பண்றது? முறை மாறிப் போயிரும். தட்டு மாத்தற வரைக்கும் சம்மந்தின்னும் கூப்பிடாதீங்க, அவசரப்படற மாதிரி இருக்கும்." அப்புறம் என்னதான் கூப்பிடறதுன்னு கேட்டேன். "ஏனுங்கன்னு கூப்பிடுங்க"ன்னா. அவரு சம்சாரமும் அவரை ஏனுங்கன்னுதான் கூப்பிடுது. நானும் ஏனுங்க, அந்தம்மாவும் ஏனுங்க. அந்த மனுசன் யாரைத் திரும்பிப் பாக்கறதுன்னு தெரியாம முழிச்சாரு.

ஆனி கடைசில போனோம். இட்லி போட்டாங்க. நான் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை பேசலை. அந்த இட்லியைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

கை கழுவிட்டு உக்காந்ததும் அவரு கேட்டாரு, "கோல்ஃப் ஆடுவீங்களா?"ன்னு. எனக்குத்தான் மறுத்துப் பேசக் கூடாதுன்னு உத்தரவாச்சே. தலையை ஆட்டிட்டேன். மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோசம். இருவது வருசமா ஆடறாராம், கூட ஆடச் சொந்தத்துல ஒரு ஆளு இல்லையாம். "ஆடி போகட்டும். ஆவணி மொத வெள்ளிக்கிழமை காலைல கிளப்புக்கு வாங்க. நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுவோம், பொம்பளைங்க பேசிட்டிருக்கட்டும். எல்லாருக்கும் மனசு ஒப்புச்சுன்னா பத்தரைக்குள்ள அங்கயே வெத்தலை பாக்குத் தட்டு மாத்திக்குவோம்"னாரு. பத்தரைக்கு ராகு காலமுங்களே.

ஆடி மாசம் யாரு வீட்லயும் கல்யாணப் பேச்சுக் கெடையாது பாருங்க. எனக்குக் கோல்ஃப் கத்துக்க அந்த மாசம்தான் கெடைச்சுது. மட்டையெல்லாம் ஒரு பையோட வாங்கினேன். போன்ல வீடியோ பாத்தேன். எல்லாரும் சொல்லிட்டாங்க, அந்தக் கிளப்புல கிணறுதான் கண்டம், அதைப் பழகிட்டா மத்தது தானா வந்துரும்னு. சரின்னு எதுத்த சைட்டுல வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டு குமியல்ல விடியக்காலமாப் போயிப் பழகினேன். கட்டறவரு ஒரு நாள் பாத்துட்டு, "வேணும்னா ஒரு சாக்கு கேட்டு வாங்கிக்கங்களேன், எதுக்கு இப்படி மட்டைல அள்ளறீங்க"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும். அப்புறம் கம்பெனிக் கொல்லைலயே மண்ணைக் கொட்டி, சுத்தி கிரைண்டர் அட்டைப்பெட்டியை ஆளு ஒசரத்துக்கு அடுக்கிச் சுவரு கட்டிட்டேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. பங்கர்ல பந்தை அடிக்கக் கூடாது. பந்துக்குப் பின்னாடி மண்ணை அடிக்கணும். மட்டையோட மூஞ்சியை வானத்தைப் பாக்க மல்லாத்திட்டு, மண்ணுக்குள்ள உட்டு ஓங்கி ஒரு வீச்சு. மண்ணு கெளம்பும்போது பந்தையும் தூக்கிட்டுப் போயிரும். எனக்கு மண்ணு நெம்ப நல்லாப் போச்சுங்க. பந்துதான் கூடப் போகலை. ஆடிக் காத்து வேற. அடிச்ச மண்ணு பூராவும் திரும்பி என்ற மூஞ்சிக்கே வரும். ஆடி முடியறப்ப எனக்குத் தலைக்குக் குளிச்சுக் குளிச்சு ஜலதோசம், முப்பது அட்டைப்பெட்டி ஓட்டை. ஆனா ஆட்டம் கைக்கு வந்துருச்சு. அதை நல்லா ஞாபகத்துல வச்சுக்கங்க. எனக்கு ஆட்டம் தெரியும்.

ஆவணி மொத வெள்ளி. கிளப்புக்குப் போயாச்சு. ஈஸ்வரியும் அவரு சம்சாரம் வசந்தாமணியும் வெத்தலை பாக்கு, பழம், பூவெல்லாம் தட்டுல வச்சு வராந்தால உக்காந்துட்டாங்க. பூரணி பட்டுச்சேலைல இருந்தா. பிரணவ் அவளைப் பாக்காத மாதிரி பாத்துட்டிருந்தான். கெளம்பும்போது ஈஸ்வரி கிட்ட வந்து காதுல சொன்னா. "ஜெயிச்சுறாதீங்க." சரிம்மான்னேன்.

ஆரம்பத்துல இருந்தே நான் தோத்துட்டே வந்தேனுங்க. பந்து மரத்துக்குள்ள போகும், வாய்க்கால்ல போகும், ஒரு தடவை கார் நிறுத்தற எடத்துக்கே போச்சு. எல்லாம் வேணும்னு அடிச்சதுதான். ஆனா எனக்கு என்ன ஆச்சரியம்னா, இருவது வருசமா ஆடறவரு, அவரும் பந்தைக் கண்ட பக்கம் அடிக்கறாரு. நான் மரத்துக்கு அடிச்சா அவரு புதருக்கு அடிக்கறாரு. எனக்குப் பாவமாப் போச்சு. இருவது வருசம் ஆடியும் இவ்வளவுதானான்னு நெனைச்சுட்டேன்.

இப்படியே போயிட்டிருக்கையில அவரு பந்து நேராப் போயி அந்தக் கிணத்துக்குள்ள விழுந்துருச்சு. நான் யோசிச்சேன். நாளைக்குச் சம்மந்தியாகப் போற மனுசன் குழிக்குள்ள நிக்கையில நான் மேல நின்னு எட்டிப் பாத்துட்டிருந்தா அது மரியாதைங்களா? பந்தை ஓங்கி அடிச்சேன். நேரா உள்ள போயி அவரு பந்துக்குப் பக்கத்துல உக்காந்துருச்சு. அவ்வளவு தூரத்துல இருந்து குறி பாத்து உள்ள போடறதுன்னா சும்மாவா? ஆட்டம் தெரியாதவனால முடியுமா? இதை யாருமே பேசமாட்டேங்கறாங்க.

ரெண்டு பேரும் எறங்கினோம். பந்து கடைசியாப் போயிச் சேர வேண்டிய எடத்துல நட்டிருக்கற கொடி எந்தப் பக்கம் இருக்குதுன்னுகூட உள்ள இருந்து தெரியலை. யாரு பந்து தூரமா இருக்குதோ அவங்கதான் மொதல்ல அடிக்கணும்னு சட்டம்.

"உங்க பந்துதானுங்க தூரம். நீங்க அடிங்க"ன்னாரு.

"அதெப்படிங்க, உங்களுதுதான் தூரம். நீங்கதான் மொதல்ல"ன்னேன்.

"பெரியவங்க நீங்க இருக்கையில நானா?"

"யாருங்க பெரியவங்க? உங்களுக்குத்தான் முடி நரைச்சிருக்குது."

கடைசில அவரு அடிச்சாரு. பந்து சுவத்துல பட்டு, போன வேகத்துல திரும்பி அவரு காலடிக்கே வந்துச்சு. அவரு வெளிய எடுக்காதப்ப நான் எடுத்தா எப்படி? நானும் சுவத்துக்கே அடிச்சேன். அவரு மறுபடி அடிச்சாரு, சுவரு. நான் அடிச்சேன், சுவரு. எத்தனை தடவைன்னு கேக்காதீங்க, அந்த மாதிரி நாள்ல எண்ணிக்கிட்டு நிக்கறது அழகில்லை. மண்ணு வாய்க்குள்ள போச்சு, சட்டைக்குள்ள போச்சு, காதுக்குள்ள போச்சு. நடுவுல ஒரு தடவை என்ற பந்து சுவத்தோட மேல் விளிம்பு வரைக்கும் போயிட்டு நின்னுச்சு. என்ற உசுரே போயிருச்சு. வெளிய விழுந்துட்டா நான் ஜெயிச்சவனாகிருவேனே. நல்ல வேளை, சித்த நேரம் யோசிச்சுட்டு உள்ளயே உருண்டு வந்துருச்சு.

இப்படி நின்னுட்டிருக்கையில அவரு மூச்சு வாங்கிட்டுச் சொல்றாரு, "தப்பா நெனைச்சுக்காதீங்க. பையன் சொல்லி உட்டுட்டான். நீங்க தோத்தா மொகம் வாடிருமாம், அதனால எதுலயும் உங்களை ஜெயிக்கக் கூடாதாம். அதான் நான் வேணும்னே அடிக்காம இருக்கேன்"னு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. முடியாதவங்க எல்லாம் இப்படித்தானுங்க சொல்வாங்க. இருந்தாலும் நான் முகத்துல காட்டிக்கலை. "நானும் அதேதானுங்க, வேணும்னுதான்"னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. நம்பலை போலிருக்குது.

அதுக்குள்ள மேல கொலுசுச் சத்தம். அண்ணாந்து பாத்தா தட்டோட ஈஸ்வரி நிக்கறா. பக்கத்துல வசந்தாமணி. அவங்களுக்குப் பின்னாடி பூரணியும் பிரணவும். வராந்தால காத்திருந்து காத்திருந்து, மணி பத்தைத் தாண்டினதும் தேடிட்டு வந்துட்டாங்க.

"ரெண்டு பேரும் என்னங்க பண்றீங்க? நேரமாகுது, வெளிய வாங்க"ன்னா ஈஸ்வரி.

"பந்தைக் கைல எடுத்துட்டு ஏறி வாங்களேன்"னு அந்தம்மா சொன்னாங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்துல "அதெப்படி"ன்னோம். அதுல மட்டும் எங்களுக்குள்ள ஒத்துமை. பொண்ணு கொடுத்து எடுக்கற நாள்ல எடுத்த காரியத்தைப் பாதில உட்டுட்டு ஏறினா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அன்னிக்கே பாதில உட்டவங்கதானேன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா? சரி, அப்ப தட்டை அங்கயே எறக்குவோம்னு பாத்தா, ஈஸ்வரி குதிக்கறா, என்ற பொண்ணு நிச்சயம் குழிக்குள்ளயா நடக்கணும்னு. ஆக, பந்து வெளிய போகாம நாங்க வெளிய போக முடியாது. நாங்க வெளிய போகாம தட்டு மாறாது. பத்தரைக்கு ராகு காலம். அதை உட்டா அடுத்த நல்ல நாளுக்குள்ள யாரு மனசு எப்படி மாறுமோ.

"ஏனுங்க, நீங்க அடிச்சு வெளிய போடுங்க. நேரமாகுது"ன்னேன்.

"நீங்க போடுங்க, நான் பின்னாடியே போடறேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி நான் போடறதா? எங்க வீட்ல அப்படிப் பழக்கமில்லைங்க."

"அப்ப எங்க வீட்ல மரியாதை தெரியாதுங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"சொன்ன மாதிரிதான் இருக்குது. மரியாதையை எனக்கு யாரும் கத்துக் குடுக்க வேண்டியதில்லை."

பாருங்க, ரெண்டு பேரும் மரியாதை பண்றோம்னு ஆரம்பிச்சு, குரலு ஏறிப் போச்சு. அவருக்கு மூஞ்சி செவந்துருச்சு. எனக்கும் சுர்ருன்னு ஏறிருச்சு. ஒரு மாசமா மண்ணைத் தின்னு, வாயைப் பொத்திட்டு, தோக்கறதுக்குன்னே பாடுபட்டிருக்கேன். எனக்கு மரியாதை தெரியாதுங்கற மாதிரி பேசினா எப்படிங்க? அந்த நேரம் பாத்து என்ற வாயி, நான் சொல்லாமயே தொறந்துருச்சு.

"மரியாதை தெரியாதவனா இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேனே, உங்க வீட்டு இட்லி மிக்ஸி மாவான்னு. நான் வாயைத் தொறந்தனா?"

சொல்லி முடிச்சுட்டேன். அப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு.

மேல பாத்தேன். ஈஸ்வரி தட்டைப் புடிச்சுட்டுக் கண்ணை மூடிட்டா. நான் பூரணியைத்தான் பாத்தேன். கோவப்பட்டிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். அவ கோவப்படலை. சின்ன வயசுல பலூன் பறந்து போனா மேல பாத்துட்டே நிப்பா பாருங்க, அந்த மாதிரி கீழ என்னைப் பாத்துட்டு நின்னா. எனக்கு அப்படியே அந்த மண்ணுக்குள்ள பொதைஞ்சு போயிரலாம்னு இருந்துச்சு. இத்தனை பாடும் பட்டு, கடைசில அதே மாவு.

அப்ப வசந்தாமணி பேசினாங்க. என்னைப் பாத்து இல்லைங்க. அவங்க வீட்டுக்காரரைப் பாத்து.

"கேட்டீங்களா? ஆறு மாசமாச் சொல்றேன், கிரைண்டர் ஓடலை, சரி பண்ணிக் குடுங்கன்னு. மாசத்துக்கு நாலு நாள் இந்தக் குழிக்குள்ள வந்து எறங்கத் தெரியுது, ஒரு கிரைண்டரைத் தூக்கிட்டுப் போயிக் குடுக்கத் தெரியலை. வந்த சம்மந்தி ஒரு வாயில கண்டுபுடிச்சிருக்காரு. கண்டுபுடிச்சும் பெருந்தன்மையாப் பேசாம சாப்பிட்டிருக்காரு. எனக்கு மானம் போகுது."

சம்மந்தின்னு சொன்னாங்க பாத்தீங்களா? தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே. அந்த ஒரு வார்த்தைல எனக்கு உசுரு வந்துருச்சுங்க. அந்த வேகத்துல, "எந்தக் கம்பெனி கிரைண்டருங்கம்மா? எவனோ மட்டமானதைத் தலைல கட்டியிருப்பான். நான் நாளைக்கே நம்மளுது ஒண்ணு அனுப்பறேன்"னேன்.

"உங்க கம்பெனிதானுங்க"ன்னாங்க.

அதுக்கு நான் ஒண்ணும் பேசலைங்க. பேசாம இருக்கணும்னு உத்தரவாச்சே. ஆனா உங்ககிட்டச் சொல்றேன், கல்லு மேல தப்பில்லை. பெல்ட்டு லூசாயிருக்கும், மாத்தாம உட்டிருப்பாங்க. எங்க கல்லு அப்படிப் போகாது.

பிரணவ்தான் மொதல்ல சிரிச்சான். அப்புறம் ஈஸ்வரி. இவங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பூரணி செருப்பைக் கழட்டி மேல வச்சுட்டு, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிட்டு, படில எறங்கி வந்துட்டா. என்ற கைல இருந்து மட்டையை வாங்கினா. "தள்ளி நில்லுங்கப்பா"ன்னா. மாமனாராகப் போறவரையும் பாத்து, "நீங்களும் சித்த தள்ளி நில்லுங்க மாமா"ன்னா. ரெண்டு பேரும் சுவத்தோட ஒட்டிட்டோம்.

மட்டையை மல்லாத்தினா. மண்ணை ஒரு தட்டுத் தட்டினா. அவ்வளவுதானுங்க, அவரு பந்து பொத்துன்னு எந்திரிச்சு, சுவத்தைத் தாண்டி, சத்தமில்லாம மேல போயிருச்சு. அடுத்தது என்ற பந்து. அதுவும் அப்படியே. பெங்களூர்ல ரெண்டு பேரும் வாரா வாரம் ஆடறாங்களாம். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

இதை வச்சுத்தானுங்க ஊருல பேசறாங்க. அப்பனுக்கு வராதது பொண்ணுக்கு வந்துருச்சுன்னு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்த மண்ணு காலைல எறுகிப் போயிக் கெடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் அடிச்சு அடிச்சு அதை நல்லா எளக்கி வச்சிருந்தோம். அதுக்கப்புறம் யாரு தட்டினாலும் பந்து போகாதா? அதை நான் அவகிட்டச் சொல்லலை. சந்தோசமா இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

மட்டையைத் திருப்பிக் குடுக்கையில என்ற தலைல இருந்த மண்ணைத் தட்டி உட்டா. சட்டைக் காலரை இழுத்து உட்டா. நான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்ப அப்படித்தானுங்க பண்ணுவேன். இனி இவ வேற வீட்டுக்குப் போயிருவாங்கறது அந்த நேரம்தான் எனக்கு ஒறைச்சுது. நிச்சயம் நிச்சயம்னு ஒரு மாசமா ஓடினேன், அது என்னன்னு அப்பத்தான் புரிஞ்சுது. சட்டைக் கையில கண்ணைத் தொடைச்சேன். "என்னப்பா?"ன்னா. "மண்ணு, அம்மணி"ன்னேன்.

"பத்து நிமிசம்தான் இருக்குது"ன்னு மேல இருந்து சத்தம். பூரணி ஏறிட்டா. நாங்க ஏறணும். படி ஒடுக்கமுங்க, ஒரு ஆளுதான் ஏறலாம். "நீங்க ஏறுங்க"ன்னேன். "நீங்க ஏறுங்க"ன்னாரு. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க"ன்னேன். "பொண்ணைக் குடுக்கறவங்க"ன்னாரு. மேல இருந்து என்ற பொண்ணு அதட்டினா. "ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுங்க." அந்த அதட்டலுக்கு மறுபேச்சு இல்லை. ஒண்ணா ஏறினோம். ரெண்டு பேரும் நல்ல கட்டையான ஆளுங்க. என்ற வலது தோளும் அவரு இடது தோளும் அந்தப் படிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. மேலயும் போகலை, கீழயும் போகலை. பிரணவ் மேல இருந்து இழுத்தான். படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. புல்லுக்கட்டி ஒடஞ்சுதா, எங்களுது ஒடஞ்சுதான்னு தெரியலை. வெளிய வந்து விழுந்தோம்.

அந்த விளிம்புல வச்சுத் தட்டை மாத்தினோம். தலை பூரா மண்ணு, என்னால வலது கையைத் தூக்க முடியலை, அவரால இடது கையைத் தூக்க முடியலை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையால ஒரே தட்டைப் புடிச்சுக் குடுத்து வாங்கினோம். "சம்மந்தி"ன்னு மொத தடவையாக் கூப்பிட்டேன். "சொல்லுங்க சம்மந்தி"ன்னாரு. ஐப்பசில கல்யாணம். நீங்க அவசியம் வரணும். பந்தில இட்லி நம்ம கிரைண்டர் மாவுதான், நானே கிட்ட நின்னு அரைக்கறேன்.

அந்தா, வாசக் கதவைத் தொறந்துட்டு வாராரு பாருங்க, தோளுக்குப் பட்டை கட்டிட்டு. அவருதான். வாங்க சம்மந்தி, வாங்க. இப்பத்தான் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். இவரும் இடது தோள்தான்.

என்னங்க சிஸ்டர்? நல்லசிவமா? நான்தான். ஆனா எங்க சம்மந்தி வந்துட்டாரு, அவரு மொதல்ல போகட்டும். போங்க சம்மந்தி. டோக்கன் என்னுதா இருந்தா என்ன? அட, நீங்க போங்கன்னா. என்னங்க இது, வலில நிக்கறீங்க, உங்களுக்கு முன்னாடி நான் போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு வலி கம்மிங்கறீங்களா? எனக்கு வலியே இல்லைங்க.

சிஸ்டர் மொறைக்குது பாருங்க. ஏனுங்க, நீங்க ஒண்ணு பண்ணுங்க, நீங்க உள்ள போயிக் காட்டிட்டு வாங்க. ஆமா, உங்களைத்தான். நாங்க இருக்கோம். அவசரமில்லை. பூரணி கீழ வண்டியை நிறுத்திட்டிருக்கா. அவ வந்து எடுத்து உட்டாத்தான் நாங்க ரெண்டு பேரும் எங்கிருந்தும் நகருவோம்.